பின்வீட்டு மாடிக்கு மட்டும் தெரியும் வானம்

என் மனைவி டிஷ் ஆன்டெனா பொருத்துபவள். 'டிஷ் அக்கா' என்றால்தான் இந்த வட்டாரத்தில் அவளைத் தெரியும். ஏணியைத் தோளில் போட்டால் ஒரு நாளைக்கு ஆறு மாடி ஏறி இறங்குவாள். இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்குகிற என்னைப் போன்ற ஆள் இல்லை.

ஊருக்கெல்லாம் படம் காட்டுகிறவள் வீட்டில் மூன்று வாரமாக டிவி ஓடவில்லை. தெற்கே ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எழும்பி சாட்டிலைட்டை மறைத்துவிட்டது. சீரியல் பாதியில் நின்ற கடுப்பில் என் அம்மா, தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டி கட்டிவிட்டார். மாமியாரும் மருமகளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சமைப்பவர்கள். அம்மா போய்விட்டால் அவளுக்கு வீடே வெறிச்சென்று ஆகிவிடும். எனக்கும்தான்.

"தலைக்கு மேல வானம் காலியாத்தானே கெடக்கு? அங்கேருந்து புடிச்சா என்ன?" என்று கேட்டார் அம்மா.

மனைவி ஒரு பந்தையும் ரப்பர் பேண்டையும் கொண்டுவந்தாள். பந்துதான் பூமி என்று சொல்லி, அதன் மேல்பாதியில், நாம் இருக்கிற இடத்தை ஒட்டி, ரப்பர் பேண்டைப் படுக்கைவாட்டில் மாட்டச் சொன்னாள். அம்மா மூன்று முறை மாட்டினார். மூன்று முறையும் வழுக்கிக் கழன்றது. நடுவில் மாட்டியதும் கப்பென்று நின்றது.

"சாட்டிலைட் சுத்துற வட்டமும் இப்படித்தான் அத்தை. அது பூமியோட மையத்தைச் சுத்தித்தான் போகணும். சாய்ச்சு மாட்டினா நம்ம தலைக்கு மேல வரும், ஆனா நிக்காம அந்தப் பக்கம் ஓடிடும். பூமியோட இடுப்பைச் சுத்தி, பூமி வேகத்துலயே போனாத்தான் ஒரே இடத்துல நிக்கிற மாதிரி தெரியும்."

"சரி, அந்த இடுப்பு எங்கேருந்து தெரியும்?"

மனைவி தயங்கித் தயங்கிப் பின்பக்க ஜன்னலைக் காட்டினாள். கோணம் எல்லாம் அவள் ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தாள். கட்டடத்தின் உச்சியைத் தாண்டி நேர்க்கோடு போக வேண்டுமானால் நாம் பின்னால் தள்ளிப் போக வேண்டும். அப்படித் தள்ளிப் போனால் வருவது பின்வீட்டு மொட்டை மாடி. அந்த வீட்டுக்காரம்மாவும் என் அம்மாவும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. காரணம், ஒரு துணிக்கொடி.

அம்மா பெட்டியைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பின்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து ஏணியும் டிஷ்ஷுமாக அங்கே போன மனைவி, இரண்டோடும் அப்படியே திரும்பி வந்தாள். இடம் தர மறுத்துவிட்டார்கள் போல என்று நான் கொதித்தேன்.

"அவங்க தர்றேன்னுதான் சொன்னாங்க. அத்தைதான் டிஷ்ஷே வேண்டாங்கிறாங்க. தினமும் அங்கயே உக்காந்து பாத்துக்குவாங்களாம்."

சொல்லிவிட்டுச் சமையலறையில் சிறிது நேரம் தனியாக நின்றாள். பிறகு வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு அவளும் பின்வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டியைப் பிரித்து அம்மாவின் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கியது நான்தான்.