தாணம்மாளின் மூக்கு

அரண்மனை வாசலைத் தாண்டியதுமே கிருஷ்ணமணியின் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போய்விடும். கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு, நான்கு வயது மகள் முத்துக்கனியைத் தூக்கிக்கொள்வார். காவல்காரர் சுடலையாண்டி ஒவ்வொரு தடவையும் தலையிலடித்துக்கொள்வார்.

“வேய், இது கோயிலு இல்லவேய். பாக்கதுக்கு வச்சிருக்க செலையாக்கும். சட்டையப் போடும்.”

“சாமியெல்லாம் நிக்குல்லா. கை கேக்க மாட்டேங்கு.”

பத்மநாபபுரம் அரண்மனையில் கல்லும் மரமும் ஓவியமுமாக எவ்வளவோ வைத்திருக்கிறார்கள். தக்கலைச் சந்தையில் வாழைக்குலை விற்கிற மனுஷருக்கு மாதாமாதம் அங்கே என்ன ஜோலி என்று கேட்காதவர் இல்லை. கேட்டவர் கையில் இரண்டு மட்டிப்பழத்தைத் திணித்து வாயை அடைத்துவிடுவார்.

விஷயம் இதுதான். மனைவி தாணம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது முத்துக்கனி கைக்குழந்தை. அம்மாவின் முகத்தைக் காட்ட ஒரு புகைப்படம் கிடையாது. கோட்டாற்றில் ஸ்டூடியோ வாசல்வரை கூட்டிக்கொண்டு போயும் தாணம்மாள் படியேறவில்லை. “படம் பிடிச்சா ஆயுசு கொறையும்” என்றுவிட்டாள். பிடிக்காமல் இருந்து மட்டும் என்ன கூடிவிட்டது?

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், கல்யாணமான புதிதில், இருவரும் இங்கே வந்திருந்தார்கள். விளக்கேந்தி நிற்கும் கல்பெண் ஒருத்தியைக் காட்டி, “ஏட்டி, உனக்க மூக்கக் களவாண்டு வச்சிருக்கா பாத்தியா?” என்று இவர் சீண்ட, அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தாளாம். அன்றைக்கே மாடிச் சுவரோவியத்தில் அவள் கண்ணையும், ஒரு மரப்பாவையிடம் அவள் விரல்களையும் கண்டுபிடித்துவிட்டார்கள். என்ன அருமையான பகல் அது! அதை மகளிடம் சொல்லும்போது மட்டும் கிருஷ்ணமணிக்குக் குரல் இறங்கிவிடும்.

அந்த விளையாட்டுத்தான் இப்போது குழந்தைக்கு அம்மா. மகளின் விரலைப் பிடித்து நீட்டி, மூக்கு, கண், கை என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். காரணம் இன்னொன்றும் உண்டு. கண்ணை மூடினால் தாணம்மாளின் முகம் முன்போல வருவதில்லை. எந்தக் குலை எந்த வாழைவிளையில் வெட்டியது என்று மறக்காதவருக்கு இது மட்டும் நழுவுகிறது. முழுசாகப் போய்விடுமோ என்று பயம்.

போன ஆவணியில் போனபோது கல்பெண் நின்ற மூலை காலி. சுண்ணாம்பு அடிப்பதற்காகச் சிலைகளை நகர்த்தியிருந்தார்கள். “அடுத்த கூடத்துல நிக்கும், போயிப் பாரும்” என்றார் சுடலையாண்டி.

போனார். விளக்கேந்திய பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் மூக்கு இருந்தது. ஒருத்தியின் முன்னால் நின்றார், அடுத்தவளிடம் போனார், மறுபடி முதல் ஆளிடமே வந்தார். இத்தனை நாளும் தான் நினைவில் வைத்திருந்தது மூக்கை அல்ல, அந்த மூலையைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ஏதோ ஒருத்தியின் பக்கம் மகளின் விரலை நீட்டினார்.

“இந்தா மக்கா, அம்மைக்க மூக்கு.”

முத்துக்கனி விரலை இழுத்துக்கொண்டாள்.

“இது இல்லப்பா. அம்மை அங்ஙன நிக்கா.”

ஜன்னலோரமாக, தூசி படிந்து ஒருத்தி. கிட்டே போய்ப் பார்த்தார். மூக்கின் நுனி லேசாக மேலே தூக்கியிருந்தது. அவளேதான். பின்னாலேயே வந்த சுடலையாண்டி தோள்துண்டால் அவள் முகத்துத் தூசியைத் துடைத்துவிட்டார்.

 கிருஷ்ணமணி மாடிப்படியருகே வந்து மகளைக் கீழே இறக்கிவிட்டார்.

“கண்ணையும் நீயே காட்டு மக்கா” என்றார். குனிந்து, தன் சுட்டுவிரலை அவள் கைக்குள் கொடுத்தார்.