மார்சலி சுமந்த இருவர்

காமஸ்பெக் கரையில் படகுத்துறை கிடையாது. ஸ்காட்லாந்தின் அந்த வடமேற்கு மூலையில், கணவரின் கால் நனையாதபடி மனைவியரே அவர்களை முதுகில் சுமந்து, இடுப்பளவு நீரில் நடந்து படகேற்றுவர். ஈரக்காலோடு பகலெல்லாம் குளிரில் தூண்டில் இழுப்பவன் நெடுநாள் தாங்கமாட்டான். ஓட்ஸ் வயலையும் கிழங்குப் பாத்தியையும் பசுவையும் தனியொருத்தியாய்ப் பேணிய மார்சலிக்குக் கணவன் டோர்மட் ஒரு பாரமே அல்லன். திருப்பாடல் ஒன்றை முணுமுணுத்தபடி அலைக்குத் தளராது நடப்பாள்.

அந்தக் குளிர்காலத்தில், டோர்மட்டோடு அதே படகில் போகும் லாக்லன் மனைவியை இழந்தான். சுமப்பார் இல்லாமல் தானே நீரில் இறங்கினான், இருமல் பற்றிக்கொண்டது. படகுத் தலைவர் ருவரி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்த வாரமும் இருமல் நிக்கலேன்னா வீட்டுலயே இருந்துக்கப்பா. வேற ஆள்தான் பாக்கணும்."

லாக்லன் வீட்டில் தாயற்ற பிள்ளைகள் இருந்தார்கள். படகில் இடம் போனால் மீனில் பங்கும் போகும்.

மறுநாள் டோர்மட்டைப் படகில் இறக்கிவிட்ட மார்சலி, கரைக்குத் திரும்பி லாக்லன் முன் குனிந்தாள்.

"ஏறுங்கண்ணே."

"வேண்டாம்மா, ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா பல்லுக்குக் காத்தோட்டம். ஏறுங்க."

ஊர் சிரிக்கத்தான் செய்தது. "ஏண்டி, ஒருத்தன் கனம் போதலையா உனக்கு?" என்றாள் பக்கத்து வீட்டு ஊனா.

"உன் ஆளையும் தூக்கணுமா? அந்தத் தொப்பைக்கு என் பசுவைத்தான் கூப்பிடணும்."

டோர்மட் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த காலை, "உன் முதுகு இப்ப ஊருக்குப் பொது. எனக்கு வேண்டாம்" என்று தானே நீரில் இறங்கி நடந்தான். மார்சலி லாக்லனைச் சுமந்து சென்றாள்.

மாலையில் டோர்மட்டின் கால்விரல்கள் வெளுத்து மரத்திருந்தன. கரிமண் கட்டிகள் கனலும் அடுப்பருகே அவன் பாதங்களை மடியில் வைத்து அவள் தேய்த்தாள். விரல்களை அசைக்க முயன்றபடி அவன் கேட்டான்: "விரல் இருக்கா, போச்சான்னே தெரியலடி. அவன் தினமும் இப்படியா உக்காந்திருந்தான்?"

"ஆமாங்க."

விடியலில் அவள் தன்முன் குனிந்தபோது, டோர்மட் அவள் தோளை மெல்லத் தள்ளினான். "அவனை முதல்ல கொண்டுபோய் விடு. இருமல்காரன் காத்துல நிக்க வேண்டாம். நான் நிக்கிறேன்."

வார இறுதிக்குள் இருமல் அடங்கிவிட்டது. ருவரி துடுப்பை எடுத்து லாக்லன் கையில் கொடுத்தார்.