நாற்பத்தோராவது முள்

லாரியில் போனவர்கள் மூன்று பேர்: நான், நாற்றங்கால் மேஸ்திரி ஏகாம்பரம், டிரைவர் காசிம் பாய். வரவேண்டியும் வராதவர்கள், கன்று நடப் போன ஊரின் கூலியாட்கள் பன்னிரண்டு பேர். நாள் கூலி ஏழு ரூபாய் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியும் ஆற்றங்கரையில் ஒரு ஆள் இல்லை.

1983, புரட்டாசி, புதன்கிழமை. காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையை விட்டோம். பதினெட்டு கிலோமீட்டர். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. முந்தைய வெள்ளத்தில் ஆறு கரையை அறுத்துக்கொண்டு கரும்புத் தோட்டம் வரை வந்திருந்தது. ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்காவிட்டால் மிச்சக் கரையும் போய்விடும். அதற்காகத்தான் நீர்மருதும் புங்கனும் ஏற்றிப் போயிருந்தோம்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். காகிதத்தில் இருப்பதை அப்படியே நம்புவேன். வனத்துறை வரைபடத்தில் அந்த இடம் ‘தரிசு’. வெட்டிய முள் அங்கங்கே குவிந்து கிடந்தது. அதையெல்லாம் வாரி எரித்துவிட்டு, கன்று வரிசைக்குக் கயிறு பிடித்தோம்.

“டிரைவர் வேலைன்னுதான் சார் சேந்தேன். கடப்பாரை புடிக்கச் சொல்லல” என்றபடியே காசிம் பாயும் தோண்டினார். மண் விசித்திரமாக இளகிக் கொடுத்தது. காற்றே இல்லை, ஆனால் கரும்பு அசைந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தோளுக்குப் பின்னாலேயே நிற்பது போலிருந்தது.

ஒரு குழியில் ஒரு கருவளையல் கிடைத்தது. என் இரண்டு விரல்தான் அதில் நுழைந்தது. பையில் போட்டுக்கொண்டேன்.

பதினொன்றரைக்குள் நாற்பது கன்றுகள் நட்டாயிற்று. அடுத்த நடை ஏற்றிவர மூவரும் திருவண்ணாமலைக்குத் திரும்பினோம்.

மூன்று மணிக்கு வந்தபோது ஒரு கன்றுகூட மண்ணில் இல்லை. நாற்பதும் வேர்மண் உதிராமல், ஈரச் சாக்கு போர்த்தி, வரிசையாகப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. குழிகள் மூடியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் புதிதாக வெட்டிய முள். மணலில் ஒரு காலடி இல்லை, பெருக்கிவிட்டிருந்தார்கள்.

“வண்டிய எடு பாய்” என்றார் மேஸ்திரி மெதுவாக.

கரும்புக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். வயது இருபதுதான் இருக்கும்.

“எங்க போறீங்க? ஊர்ப் பொம்பளைங்க அத்தினி பேரும் காலையிலேர்ந்து இதுக்குள்ளதான் பாத்துக்கினு இருந்தோம்.”

“கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா?”

“முள்ளு போட்டிருந்துச்சே. அதுக்கு மேல என்னா சொல்றது? பொறந்து தங்காத புள்ளைங்கள இங்கதான் வைப்போம். நாய் தோண்டாம இருக்கத்தான் முள்ளு.”

வளையலை எடுத்து நீட்டினேன். அவள் தொடவில்லை.

“எந்தக் குழியில எடுத்த?”

எனக்கு நினைவில்லை. நாற்பதும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

“தெரிலன்னா நாப்பதுலயும் ஒண்ணு போடு. எதுக்குப் போச்சுன்னு அதுங்க சண்ட போட்டுக்கக் கூடாது.”

“கரை போயிடும்மா” என்றேன். “போனா இதுங்களும் ஆத்தோட போயிடும். குழி தோண்டாம நடலாம். நொச்சிக் கழியைச் சும்மா குத்தினாலே வேர் விடும்.”

அவள் ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். “மொதல்ல வளையல எடுத்துனு வா” என்றாள்.

மறுநாள் தேரடித் தெருவில் முப்பத்தொன்பது வளையல் வாங்கினேன், ஒன்று பதினைந்து காசு. “எத்தினி கொழந்தைங்க சார் உனக்கு?” என்று கடைக்காரர் சிரித்தார். காசிம் பாய் சிரிக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கரையில் பெண்கள் காத்திருந்தார்கள். முள்ளை அவர்கள் தூக்கினார்கள். ஒரு கை மண் விலக்கி நான் வளையல் வைத்தேன். பக்கத்தில் நொச்சிக் கழியை அவர்களே குத்தினார்கள். நாற்பதாவது வளையலை வைத்து நிமிர்ந்தேன். கயிற்று வரிசைக்கு வெளியே, தண்ணீர் ஓரமாக, இன்னொரு முள் இருந்தது. சிறியது. இலைகூட வாடவில்லை.

“அங்க நாங்க தோண்டலியே” என்றார் மேஸ்திரி.

“தோண்டல” என்றாள் அந்தப் பெண். “அது என்னுது. போன வாரம். அதுக்கும் ஒண்ணு இருக்கா?”

இல்லை.

வெள்ளிக்கிழமை லாரி கிடையாது. இன்னொரு வளையல் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் தனியாகப் போனேன். அவள் முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கழியை மட்டும் என்னைக் குத்தச் சொன்னாள்.

திரும்பும்போது பஸ் ஜன்னலில் மலை முன்னால் நின்றது.

வளையலைச் செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அலுவலகத்துக்குத் தெரியவில்லை, அந்த வரியை அடித்துவிட்டார்கள். நாற்பது வளையல் ஆறு ரூபாய், பஸ் போக வர ஒன்று எண்பது. மூவரும் பங்கிட்டோம். தலைக்கு இரண்டு ரூபாய் அறுபது காசு.