கை நீட்டாத கைதி

திருகோணமலைச் சிறைக்கு ஞாயிறுதோறும் ஜெபம் செய்யப் போவேன். ஒருமுறை, புதிதாக வந்திருந்த மூதூர் முஸ்லிம் கைதியிடம் நற்செய்தி நூலை நீட்டினேன். அவர் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. காவலர் பிரம்பை ஓங்கிவிட்டார்.

"அடிக்காதீங்க சேர்! உங்கட இயேசு, எங்கட ஈஸா நபி, அவருக்கு இறங்கின வேதமெல்லோ? ஒளு எடுக்காம எப்படித் தொடுற? கொஞ்சம் தண்ணி தாங்க."

காவலரைத் தடுத்து, வாளித் தண்ணீரை நானே ஊற்றினேன். கை, வாய், முகம், கால் எல்லாம் கழுவிய பிறகு இரு கைகளாலும் வாங்கினார்.

"ஆனா, அவர அல்லாஹ்ட மகன் எண்டு நாங்க சொல்லமாட்டம்."

"நாங்கள் அதைத்தான் சொல்லுவம்" என்றேன்.

அதில் நாங்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் இப்போது சிறைக்குப் போகும்போது பைபிளோடு ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுபோகிறேன். முதலில் கழுவுவது என் கையைத்தான்.