புதன்கிழமை ஸ்டாக்

அம்மாவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுவதென்று பிள்ளைகள் இருவரும் தீர்மானித்திருந்தார்கள். நாற்பது பக்கம், குடும்பத்துக்குள் கொடுக்க. பிடித்த நிறம், பிடித்த இடம், மறக்க முடியாத நாள் என்று முப்பது கேள்விகளை அனுப்பியவள் கடல் கடந்து வாழும் மூத்த மகள். அம்மா பேனாவைத் தேடி எடுப்பதற்குள் முப்பதுக்கும் பதில் எழுதி அனுப்பிவிட்டவன், நான்கு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் சின்னவன். கீழே ஒரு வரி: ‘சரிபார்த்தா போதும்மா. சனிக்கிழமை அச்சுக்குப் போகணும்.’

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் சரிபார்த்தாள். பிடித்த நிறம் பழுப்பு என்றிருந்தது. சிரிப்பு வந்தது. முப்பத்தோரு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்தவள். கல்லிலிருந்து தெறிக்கும் சேற்றுத் தண்ணீர் பழுப்புத் துணியில் தெரியாது, அவ்வளவுதான். பயணத்தில் பிடித்த இருக்கை: நடு சீட். இரண்டு ஜன்னல்களையும் இரண்டு பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் வேறென்ன மிஞ்சும். போகட்டும் என்று விட்டாள்.

பதினான்காவது கேள்வியில் பேனா நின்றது. மறக்க முடியாத நாள்.

‘எனக்குக் கை உடைந்த புதன்கிழமை’ என்று மகன் எழுதியிருந்தான். ‘அம்மா ஸ்டாக் ரூமில் இருந்ததால் போன் மணி கேட்கவில்லை. புதன்கிழமைதோறும் ஆறு மணிவரை நின்றபடியே ஸ்டாக் எடுத்து எங்களை ஆளாக்கியவள் அம்மா.’

அந்தக் கடையில் ஸ்டாக் ரூம் என்று ஒன்று இருந்ததே இல்லை. புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

கணவர் இறந்தபோது பெரியவளுக்கு ஒன்பது, சின்னவனுக்கு ஐந்து. பள்ளி விட்டதும் இருவரும் எதிர்வீட்டு டீச்சரிடம் இருப்பார்கள். ஆறரைக்கு அவள் வந்து கூட்டிப்போவாள். நாளெல்லாம் ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்து வேலை. அரை மில்லி பிசகினால் லென்ஸ் ஃபிரேமுக்குள் உட்காராது, அழுத்தினால் ஓரம் உடையும். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, பாடப்புத்தகம், ஊசி நூல். அதுவும் ஒரு சாண் தூரம்தான். ஒரு புதன்கிழமை கடையை விட்டு வந்தவள், வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்த்திசையில் வந்த மாடி பஸ்ஸில் ஏறிவிட்டாள். மேல்தளத்து முன் சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை போனாள். தூரத்தில் இருப்பதைப் பார்க்கவேண்டும் போலிருந்தது, வேறொன்றுமில்லை.

கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் லாரி ஓட்டப் பழக்கும் மைதானம். இரண்டு வரிசை டிரம்களுக்கு நடுவே லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தவேண்டும். ஓட்டுபவர்கள் கழுத்தைத் திருகித் திருகிப் பார்த்துக் கோணலாக வருவார்கள், டிரம் உருளும், விசில்காரர் தலையில் கையை வைப்பார். கம்பிவேலிக்கு வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஐந்தேகால்வரை அதில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறரைக்குச் சரியாக டீச்சர் வீட்டு வாசலில் நின்றாள். ‘கடையில ஸ்டாக் எடுத்தாங்க’ என்று வாய் தானாகச் சொன்னது. பிறகு அதையே பதினோரு வருடம் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மூவரும் வீடியோவில் பேசுவது வழக்கம். கைப்பேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தாள்.

“என்னம்மா, எத்தனை மார்க்?” என்றான் சின்னவன். “முப்பதுக்கு முப்பதா?”

“வாத்தியார் புள்ள மாதிரி பேசுறான் பாரு,” என்றாள் பெரியவள். “அம்மாவக் கேக்காம அம்மாவப் பத்தி எழுதின ஒரே ஆளு நீதான்டா.”

“பதினாலு தப்பு,” என்றாள் அம்மா.

“பதினாலு தப்பா? அவ்வளவா?”

“பதினாலாவது. ஸ்டாக் ரூம்னு ஒண்ணு கிடையாது. புதன்கிழமை கடை அரை நாள்.”

அவள் சொன்னாள். பஸ், பெஞ்சு, டிரம், விசில்காரர். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயம் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “அம்மா, நெஜத்தச் சொல்லு. யாராவது ஆளு இருந்தாங்களா?”

“ஆளு இருந்திருந்தா சொல்லிக்கவாவது நல்லா இருந்திருக்கும். லாரிதான்டி.”

பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னவன் சிரிக்கவில்லை.

“எனக்குக் கை உடைஞ்ச அன்னிக்கும் அங்கதான் இருந்தியா?”

இதோடு நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பாதி உண்மைக்கு இந்தப் பாடு எதற்கு.

“ஆமாடா. ஒருத்தர் இருந்தாரு, வயசான மனுஷன், ஒன்பது வாரமா இடிச்சுக்கிட்டே இருந்தாரு. அன்னிக்குத்தான் ஒரு டிரம்கூட இடிக்காம உள்ள கொண்டுவந்து நிறுத்துனாரு. வேலிக்கு வெளிய நின்னு கை தட்டினேன். என்னைத் தவிர யாரும் தட்டல. என் வாழ்க்கையில அவ்வளவு சந்தோஷமா இருந்த நாள் ரொம்ப இல்ல. வீட்டுக்கு வந்தா உனக்குக் கட்டுப் போட்டிருக்கு. அந்த நாளை எந்தப் பக்கம் வெக்கிறதுன்னு எனக்கு இன்னிக்குவரைக்கும் தெரியல.”

“டீச்சர் பதினேழு தடவ கடைக்குப் போன் பண்ணாங்க,” என்றான் அவன். “நான் பக்கத்துல உக்காந்து எண்ணினேன்.” பிறகு, “சரி, அப்புறம் பேசுறேன்.” அவன் முகம் இருந்த கட்டம் கறுப்பாயிற்று.

பெரியவள் மெதுவாகக் கேட்டாள். “ஏம்மா இப்பப் போய்ச் சொன்ன? அவன் உனக்குக் கோயில் கட்டி வெச்சிருந்தான்.”

“அதாண்டி. எனக்கு வந்த கடுதாசியெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு.”

“இப்பதான் ரிட்டயர் ஆயிட்டியே. இப்ப ஏன் அங்க போறதில்ல?”

“தேட ஆளில்லாம ஒளிஞ்சு விளையாட முடியுமா?”

சிரிப்பாகத்தான் சொன்னாள். மகள் சிரிக்காததைப் பார்த்ததும், “குக்கர்ல தண்ணி வெச்சேன்” என்று போனை அணைத்தாள். குக்கரில் எதுவும் இல்லை. ஒருத்திக்குச் சமைக்க ஒரு சின்னப் பாத்திரம் போதும். குக்கர் மேல் அலமாரிக்குப் போய் மூன்று வருடமாகிறது.

திங்கட்கிழமை மகன் பேசவில்லை. தினமும் காலையில் அவனிடமிருந்து வரும் ‘சாப்பிட்டியா’ வரவில்லை. செவ்வாயும் அப்படியே. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள், கழற்றினாள், மறுபடி துடைத்தாள். அவனுடைய பழைய கட்டிலின்மேல் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கி, கலைத்து, அடுக்கினாள். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் அந்த ‘சாப்பிட்டியா’வுக்குப் பதில் போட்டுவிட்டுத்தான் தினமும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள் என்பது அந்த இரண்டு நாளில்தான் தெரிந்தது. தட்டைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை ஒன்றேகாலுக்குக் கூடத்தில் இருக்கும் பழைய போன் அடித்தது. தவறான எண்ணாகத்தான் இருக்கும். அதில் வேறு அழைப்பு வருவதில்லை.

“எங்க இருக்க?” சின்னவன்.

“வீட்டுலதான். வீட்டு போனுக்குப் பண்ணிட்டு எங்க இருக்கன்னு கேக்குற.”

“புதன்கிழமை.”

“ஆமா.”

“அந்த வரிய எடுத்துட்டேன்,” என்றான். “அந்த இடத்துல வேற எதுவும் எழுதல. எழுத வரல. காலியா இருக்கு.”

“இருக்கட்டும்.”

“எனக்குக் கோவம் போகல.”

“சரிடா.”

அவனுடைய அலுவலகத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“ஆறரைக்குக் கூப்பிடுவேன். செல்லுக்கு இல்ல, இந்த போனுக்கு. நீ எடுக்கணும்.”

“எடுக்கிறேன்.”

“பதினேழு தடவையெல்லாம் அடிக்கமாட்டேன்.”

வைத்துவிட்டான். ரிசீவரைக் கையில் பிடித்தபடி அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபது. இப்போதெல்லாம் மாடி பஸ் ஓடுகிறதா, அந்த மைதானம் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம், நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. பெஞ்சிலிருந்து ஐந்தேகாலுக்கு எழுந்துவிட்டால் சரியாக இருக்கும்.

செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள். நேரமாகிவிடப் போகிறதே என்ற பதைப்பில், முழங்கால் வலியை மறந்து இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.