முக்கால் மில்லிமீட்டர் குறைந்த அட்டை

வெள்ளிக்கிழமை மாலை ஏழு இருபதுக்குத் தாதரில் இறங்கினேன். முந்தைய நாள் காலை கோவில்பட்டியில் ஏறியது. ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர். வழி நெடுகக் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டே தூங்கினேன். எதிர் இருக்கையில் வந்த அம்மா கல்யாணில் இறங்கும்போது, நகையா என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை, கிரிக்கெட் அட்டை என்றேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, பத்திரமாகப் போகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பையில் இருந்தவை ஆறு அட்டைகள். ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவு. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவர் எடுத்த ஓட்டங்கள். இவற்றை அமெரிக்காவில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, உடைத்தால் ஒழியத் திறக்க முடியாத பிளாஸ்டிக்கில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அடைத்து வருவதற்கு ஸ்லாப் என்று பெயர். ஏழு வாங்கிய அட்டைக்கும் பத்து வாங்கிய அட்டைக்கும் வெறுங்கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விலையில்தான் தெரியும்.

ஒருவர் தனியாக அனுப்பினால் கட்டுப்படியாகாது. மாட்டுங்காவில் ஒருவர் பலருடைய அட்டைகளைச் சேர்த்து ஒரே பெட்டியாக அனுப்புகிறார். கூரியரிலேயே அவருக்கு அனுப்பியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாராவியில் முருகேசன் அண்ணாச்சி இருக்கிறார்.

நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள். சின்ன வயதில் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளெல்லாம் தம்பிகளுக்குப் போய்விடும். முப்பத்தாறு வயதில் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஓர் அட்டையைப் பார்த்து வாங்கினேன்; அதிலிருந்து ஐந்து வருடங்களாகச் சேர்க்கிறேன். அட்டை சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் அறுபது பேர். பெயரைச் சுருக்கிப் போட்டிருந்ததால் ஒரு வருடம் எல்லோரும் என்னை சார் என்றே அழைத்தார்கள். ஒருநாள் நான் பேசி அனுப்பிய செய்தியைக் கேட்டு, "நம்ம பக்கத்துப் பேச்சால்லா இருக்கு, தங்கச்சி" என்று பதில் போட்டவர் முருகேசன். நாங்குநேரிப் பக்கம். தாராவிக்கு வந்து இருபத்தெட்டு வருடமாகிறது. மாஹிமில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். எதை வாங்கலாம், எதில் ஏமாற்று இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான். பையில் இருந்த ஆறு அட்டைகளில் மிக உசத்தியானதை, ஓர் ஆட்டக்காரரின் முதல் வருட அட்டையை, போன வருடம் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு எனக்கு விற்றதும் அவர்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சயானில் லாட்ஜ். அங்கிருந்து மாட்டுங்காவுக்கு ஒரே ஸ்டேஷன், டிக்கெட் ஐந்து ரூபாய். ஸ்டேஷனுக்கு வெளியே மல்லிகையும் வாழை இலையும் விற்கிறார்கள். கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்தே தமிழில் கூப்பிடுகிறார்கள். நாற்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு காபி குடித்துவிட்டு, அட்டைகளைச் சேர்த்து அனுப்பும் விஸ்வநாதன் வீட்டுப் படியேறினேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

விஸ்வநாதன் பாலக்காட்டுக்காரர், இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவர். "வாங்கோ, கையை மட்டும் அலம்பிண்டு உக்காருங்கோ" என்றார். தானும் அலம்பி, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். மேசைமேல் கறுப்புத் துணி, வளைகிற விளக்கு, பூதக்கண்ணாடி, மில்லிமீட்டரில் பின்னம் காட்டும் அளவுகோல். முதல் நான்கு அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டார். ஐந்தாவதற்கு மூலையில் வெள்ளை தெரிகிறது, அனுப்பினால் கட்டணத்துக்குக்கூடப் பெறாது என்று திருப்பித் தந்தார். அது எனக்கும் தெரிந்ததுதான்.

ஆறாவதை விளக்கடியில் வைத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அளவுகோலை எடுத்தார். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார்.

"இதுக்கு நம்பர் வராதும்மா. அகலம் அறுபத்து மூணரை மில்லிமீட்டர் இருக்கணும். அறுபத்து ரெண்டே முக்கால்தான் இருக்கு. எடப்பக்க ஓரத்தை வெட்டியிருக்கா."

நான் அந்த அட்டையை எத்தனையோ முறை பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஓரம் அவ்வளவு சுத்தமாக இருந்ததாலேயே மகிழ்ந்தேன். இடப்பக்க வெள்ளைக்கரை கொஞ்சம் ஒடுங்கியிருப்பதையும் பார்த்தேன். அச்சு தள்ளி விழுந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருமுறைகூட அளக்கவில்லை. கடையில் வருகிறவர்களிடம், தெரிகிறது என்று நினைத்துச் சொல்லாதீர்கள், தெரிவதைச் சொல்லுங்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான்.

தேய்ந்த ஓரத்தைப் புதிதுபோலக் காட்டி விற்க இப்படி வெட்டுவார்களாம். வெட்டிய அட்டையையும் அடைத்துத் தருவார்களாம், மதிப்பெண் இருக்காது, திருத்தப்பட்டது என்று சீட்டில் அச்சிடுவார்களாம். யார் வெட்டியிருப்பார்கள் என்று கேட்டேன். அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு, "ஆனா நன்னா பழகின கை" என்றார்.

பன்னிரண்டு மணிவரை ரயிலடிப் பக்கம் ஒரு மரநிழல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சியின் மனைவி இசக்கியம்மாள் தோல்பை செய்யும் கார்கானாவில் வேலை பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். பிளேடும் இரும்பு ஸ்கேலும் உள்ள வீடு அது. ஏமாற்று எங்கெங்கே இருக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தவருக்கு அதைச் செய்யவும் தெரிந்திருக்கும். அப்படி நினைக்க வெட்கமாக இருந்தது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அண்ணாச்சி வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். லாட்ஜுக்குப் போய் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தபோது போன் வந்தது. "எங்க இருக்கிய, தங்கச்சி? மீனு வாங்கியாச்சு. இவ காலையில இருந்து வாசலப் பாத்துக்கிட்டு நிக்கா."

டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் இந்தியில் எங்கே என்று கேட்டார். நைன்ட்டி ஃபீட் ரோடு என்றேன். அதற்குமேல் எனக்கு இந்தி தெரியாது. மீட்டர் ஐம்பத்தெட்டு ரூபாய்.

அண்ணாச்சி சாலைமுனைக்கே வந்து நின்றார். போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய சந்தில் அழைத்துப் போனார். கீழே ஓர் அறை, இரும்பு ஏணி வைத்து மேலே ஓர் அறை. இசக்கியம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாங்க மதினி" என்றார். விளமீன் குழம்பு, சோறு, அவித்த முட்டை. நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

சாப்பிட்டு முடித்து மேலே ஏறினோம். அண்ணாச்சி அட்டை வைத்திருக்கும் அலமாரி அங்கேதான். உட்கார்ந்ததும் அவரே கேட்டார், அந்த அட்டைக்கு ஒன்பது வருமாமா, பத்து வருமாமா என்று. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வெட்டியிருக்காம், முக்கால் மில்லிமீட்டர் குறைகிறதாம் என்றேன்.

அவர் கையை நீட்டி அட்டையை வாங்கினார். அலமாரியிலிருந்து அதே வரிசையைச் சேர்ந்த வேறோர் அட்டையை எடுத்து, என்னுடையதை அதன்மேல் வைத்து, வலப்பக்கத்தைச் சேர்த்துப் பிடித்தார். இடப்பக்கம் அடியில் இருந்த அட்டை ஒரு நூலளவு வெளியே தெரிந்தது. அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "எங்கிட்ட இருந்து போகும்போது இப்படி இல்ல, தங்கச்சி" என்றார். அதையே திரும்பவும் சொன்னார். நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

டீ கொண்டுவந்த இசக்கியம்மாள் ஏணியின் மேல்படியில் நின்றபடியே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நான் நறுக்கிவிட்டதுல்லா" என்றார்.

கூரியரில் போடுவதற்காக மேசைமேல் வைத்துவிட்டு அண்ணாச்சி வேலைக்குப் போயிருக்கிறார். ஓர் ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்ததாம். ஊர்க்காரப் பிள்ளைக்கு அனுப்புகிற பொருள் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று, ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பில் நறுக்கிவிட்டு உறையில் வைத்திருக்கிறார். கார்கானாவில் இருபத்திரண்டு வருடமாக அவர் செய்வதே அதுதான். "ஓரம் பிசிறா இருந்தா எங்க சேட்டு சரக்கத் திருப்பி அனுப்பிருவாரு, மதினி. அட்டைக்கு அந்தப் பிசிறுதான் வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவில்லை. எத்தன தடவ சொல்லிருக்கேன், தொடாதன்னு, என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தொடாதன்னு சொன்னிய" என்றார் இசக்கியம்மாள். "பதினஞ்சு வருசமா வாங்கியாந்து அடுக்குதிய. அந்தக் குரூப்புல மணிக்கணக்கா பேசுதிய. எது நல்ல அட்ட, எது மோசம்னு எங்கிட்ட ஒருநாள் ஒக்காந்து சொல்லிருக்கியளா?"

காலையிலிருந்து அந்த மனிதரைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன். அண்ணாச்சி எழுந்து, பணத்தை மாசாமாசம் தந்துவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் கையில் திணித்தார். அதே ஆட்டக்காரர், எட்டு வருடமாக வைத்திருந்தது, மதிப்பெண்ணுக்கு அடுத்த தவணையில் அனுப்ப இருந்தது. வாங்க மாட்டேன் என்று நான் தள்ள, அவர் திணிக்க, இசக்கியம்மாள் நடுவில் கைநீட்டி அதை எடுத்துக்கொண்டார்.

"என்ன பாக்கணும்னு சொல்லுங்க" என்றார் என்னிடம்.

பையிலிருந்து என் பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். மூலை எப்படி இருக்க வேண்டும், அச்சகத்தில் வெட்டிய ஓரம் எப்படி லேசாகச் சொரசொரப்பாக இருக்கும் என்றெல்லாம் சொன்னேன். பாதியிலேயே அவர் கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினார். அட்டையைக் கண்ணுக்கு நேராகப் படுக்கவைத்து, விளக்குப் பக்கம் மெல்லத் திருப்பினார். பிறகு கட்டைவிரல் நகத்தை ஓரத்துக்கு அருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"மேல்பக்கம் மெஷின் வெட்டு இல்ல. கைப்பிளேடு. பாதியில கை நின்னு திரும்ப இழுத்துருக்கான். நான் வெட்டுனா இப்படி நிக்காது."

அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓரத்தின் நடுவே முடியளவு ஒரு படி. எட்டு வருடமாக அவர் கண்ணுக்குத் தெரியாதது. மற்ற அட்டையோடு சேர்த்து வைத்தோம், உயரத்தில் குறைந்தது. அண்ணாச்சி சிரித்தார். முதலில் அது அழுகை என்று நினைத்தேன். அப்புறம் அலமாரியில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி மனைவிக்கு முன்னால் வைத்தார். மாலை ஆறு மணிவரை பார்த்தோம். டீ ஆறி ஏடு கட்டியது, யாரும் குடிக்கவில்லை. இன்னும் ஒரு வெட்டு அட்டை அகப்பட்டது. பதினோரு அட்டைகளை இசக்கியம்மாள் நல்லது என்று தனியே வைத்தார்.

கிளம்பும்போது அண்ணாச்சியிடம், காலையில் உங்களைச் சந்தேகப்பட்டேன் என்று சொன்னேன். "நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றார். அது எனக்குச் சமாதானமாக இல்லை. ஆனாலும் சொன்னது நல்லது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஏறியபோது பையில் இரண்டே அட்டைகள், அதில் ஒன்று வெட்டியது. அதை அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். புனே தாண்டும்வரை என் வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதுகிறார். என் அட்டைப் பெட்டியை அவர் தொட்டதில்லை. ஒருமுறை, அதில் அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டார். உங்களுக்குப் புரியாது என்று சொன்னேன். அவர் அதன்பிறகு கேட்கவில்லை. அது நடந்து நாலு வருடமாவது இருக்கும். தாராவியில் ஏணிப்படியில் நின்று ஒருத்தி கேட்ட கேள்வியை, கோவில்பட்டியில் ஒருவர் கேட்காமலே விட்டிருக்கிறார் என்பது அந்த ரயிலில்தான் எனக்கு உறைத்தது.

நாலரை மாதம் கழித்து ஸ்லாப்புகள் வந்தன. ஒன்பது, எட்டு, எட்டு, ஆறு. பெட்டியைப் பிரிக்கும்போது கணவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ஆறு ஏன் வந்தது என்று எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை. இசக்கியம்மாளுக்கு வீடியோவில் போன் போட்டேன். கிட்டக் கொண்டுவரச் சொன்னார், சாய்க்கச் சொன்னார், இன்னும் கொஞ்சம் என்றார்.

"கீழ வலது மூலைக்கு மேல, ஒரு அமுங்கல் கெடக்கு பாருங்க."

எனக்குத் தெரியவில்லை. என் கணவர் அதை வாங்கி ஜன்னலருகே கொண்டுபோய், மெதுவாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று விரலால் காட்டினார்.