கயிறு கட்டாத பெட்டிகள்

கண்டக்குழியில் மீன் ஏற்றிப் புத்தளம் சந்தையில் இறக்குவதுதான் இத்தனை வருடமாக என் தொழில். எழுதும்போதே இடுப்பு வலிக்கிறது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்களில் நானும் ஒருவன். யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பிப் போகத் தொடங்கியபோது நாங்கள் போகவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலில் வந்த சின்ன வான் ஒன்றை வாங்கினேன்.

அந்த வானின் டேஷ்போர்டில் எனக்கு விளங்கிய எழுத்து ஒன்றுகூட இல்லை. சாவியைத் திருப்பினால் ஒரு பெண் ஜப்பான் பாஷையில் மரியாதையாக ஏதோ சொல்லுவாள். அவள் சலாம் சொல்லுகிறாள் என்று என் மனைவி முடிவு கட்டிவிட்டாள். “என்ட சக்களத்தி சலாம் சொல்றா, நீங்க பதில் சொல்லாம போறீங்களே” என்று தினமும் சீண்டுவாள். மணிக்கூடோ ஜப்பான் நேரத்தில் மூன்றரை மணித்தியாலம் முந்தி ஓடியது. அதைத் திருத்த எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல், கழித்துப் பார்த்தே பழகிவிட்டோம்.

பிறகு மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதற்காக அவளுடைய இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். வலது கையில் குழாய்கள் சரியில்லையாம், அங்கே செய்ய ஏலாது என்று டொக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். தைத்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே இரத்தம் இரைவது தெரியும். காதை வைத்தால் கேட்கவும் செய்யும். அந்த இரைச்சல் இருக்கும்வரைதான் ஊசி ஏற்றலாம்.

அந்தப் பிரிவில் இருந்த தாதி, நாங்கள் மிஸ் என்போம், சிலாபம் பக்கத்துக்காரி. என் மனைவியை அக்கா என்றும், என்னை அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்றும் கூப்பிடுவார். முதல் நாளே எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: “இந்தக் கையில வளையல் வேணாம், மணிக்கூடு வேணாம், பேக் தொங்கவிட வேணாம். பிரஷர் பாக்கவும் இந்தக் கையக் குடுக்காதீங்க. இறுக்கமா ஒண்டும் படக்கூடாது. இதுதான் உங்கட உயிர், விளங்குதா அக்கா?”

விளங்கியது. அவள் வளையலைக் கழற்றி அலுமாரியில் வைத்தாள். இரவில் அந்தக் கையைத் தலையணைமேல் தனியாக வைத்துக்கொண்டு தூங்கினாள். விடியற்காலையில் சுபஹு தொழுததும் வலது கையால் தொட்டுப் பார்த்து, “இண்டைக்கும் இரையுது” என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி தொண்டையில் இறங்கும்.

திங்களும் வியாழனும் தொழிலை விடவும் ஏலாது, அவளை விடவும் ஏலாது. ஆகவே மீனையும் அவளையும் ஒரே வானில் கொண்டு போனேன். விடிந்ததும் கரையில் பெட்டிகளை ஏற்றி, வரும் வழியில் வீட்டு வாசலில் அவளை முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுச் சந்தைக்கு ஓடுவேன். பின்னேரம் போய்க் கூட்டிவருவேன். மெஷினிலிருந்து வரும்போது அவளுக்குக் குளிரும். காற்று வரும் வாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு நான் வியர்த்துக்கொண்டு ஓட்டுவேன். மீன் வெடில் பிடிக்காமல் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளுவாள். ஒரு நாளும் முறைப்பாடு சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும், களைப்பில் வருகிற கோபம்.

பெல்ட்தான் கரைச்சலாகிப் போனது. இடது பக்க ஆசனத்தின் பெல்ட் இடது தோளால்தான் இறங்கும். அவள் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, “கைக்கு மேலால இறுக்குது மச்சான். வளையலே வேணாம் எண்டவங்க இதுக்கு ஓம் எண்டு சொல்லுவாங்களா?” என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் துணியை மடித்து வைத்தால் போதும் என்று பிறகு சொன்னார்கள். பிறகு சொல்லி என்ன?

பெல்ட் போடாவிட்டால் வான் விடுமா? டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கிவிடும். பாலாவி வரைக்கும் அடித்தாலும் அடிக்கும். ஏற்கெனவே குமட்டலோடு இருக்கிறவளுக்கு அது ஆக்கினையாக இருந்தது. நானும் இருந்த பொத்தான் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றை அழுத்தினால் விளக்கு மங்கியது, இன்னொன்றை அழுத்தினால் பின்கண்ணாடியில் வைப்பர் ஓடியது. கடைசியில் என் மகள் போனை எழுத்துக்கு மேலே பிடித்து, அது மொழிபெயர்த்ததைப் படித்தாள். மணிக்கூட்டை இரண்டு நிமிடத்தில் திருத்திவிட்டாள். டிங் டிங்குக்கு வந்ததும் சிரித்தாள். “வாப்பா, இத நிப்பாட்ட ஏலா. பெல்ட்டப் போடுங்க, சாமானக் கட்டுங்க எண்டுதான் போட்டிருக்கு.”

“போதும் ஓதினது, போனை எடு” என்றேன். எங்கள் பக்கத்து வான்காரர் எல்லாரும் செய்கிறதை நானும் செய்தேன். பெல்ட்டை இழுத்து ஆசனத்துக்குப் பின்னால் விட்டுக் கொளுவினேன். சத்தம் நின்றது. அவள் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து, “அப்பாடா, வாய மூடிட்டா” என்றாள். வானைப் பேய்க்காட்டிவிட்டதில் எனக்கு அன்று பெரிய கெட்டித்தனம்.

சாமானைக் கட்டுகிற கதையும் அதே மாதிரிதான். கண்டக்குழியில் எவனும் மீன் பெட்டிக்குக் கயிறு கட்டுவதில்லை. சந்தையில் ஏலம் தொடங்கும்போது முதலில் இறக்குகிறவனுக்குத்தான் விலை. முடிச்சு அவிழ்த்துக்கொண்டு நிற்கிறவனை ஒருவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். அதனால் சாளையைக் கீழே அடுக்கி, அறுக்குளாவையும் பாரையையும் ஐஸோடு மேல் வரிசையில் வைப்போம். கதவைத் திறந்ததும் நல்ல மீன்தான் முதலில் கண்ணில் பட வேண்டும். அதாவது, பாரமான பெட்டி எல்லாம் மேலே. அவற்றுக்கும் முன் ஆசனத்துக்கும் நடுவில் ஒரு பலகைகூடக் கிடையாது. இப்போது நான் பாரத்தைக் கீழே வைக்கிறேன், ஆசனத்துக்குப் பின்னால் பலகை அடித்திருக்கிறேன், இரண்டு பக்கமும் குறுக்கே கயிறு இழுத்துக் கட்டுகிறேன். கரையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்த வியாழக்கிழமை அப்படி ஒன்றும் விசேஷமான நாள் இல்லை. படகுகள் கொஞ்சம் பிந்தி வந்தன, அவ்வளவுதான். தலவில தேவாலயத் திருவிழாவுக்கு வந்த பஸ்களால் பாதை நிறைந்திருந்தது. அவை கழிந்து தெரு வெளித்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்க மிதித்தேன். நுரைச்சோலை தாண்டி, பற்றைக்குள்ளிருந்து கழுதை ஒன்று குட்டியோடு தெருவில் ஏறி, நடுவில் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்துக் கழுதைகள் ஹோர்ன் அடித்தால் அசையாது. பிரேக்கை அழுத்தினேன். வான் நின்றது. உள்ளே இருந்த எதுவும் நிற்கவில்லை.

அவள் முன்னால் எறியுண்டாள். முகத்தைக் காக்க இரண்டு கையையும் நீட்டினாள் போல, இடது கை டேஷ்போர்டின் விளிம்பில் அடிபட்டது. அதே நேரம் மேல் வரிசையிலிருந்து ஒரு பெட்டி ஆசனத்துக்கு மேலால் பாய்ந்து அவளுடைய முதுகில் விழுந்து, அந்தக் கையை அப்படியே வைத்து நசுக்கியது. ஐஸும் மீனும் மடியெல்லாம் கொட்டின. “யா அல்லாஹ்!” என்று நான்தான் கத்தினேன். 

பெட்டியைத் தூக்கி எறிந்தேன். இரத்தம் இல்லை. முழங்கைக்குச் சற்று மேலே, தைத்த இடம் மட்டும் சிவந்து வீங்கத் தொடங்கியிருந்தது. அவள் வலது கை விரல்களை அந்த இடத்தில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

“எஞ்சினை நிப்பாட்டுங்க” என்றாள். “வான் அதிருது, எனக்குத் தெரியுதில்ல.”

நிறுத்தினேன். கழுதையும் குட்டியும் போய்விட்டிருந்தன. அவள் மறுபடியும் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து காதை அவள் கையில் வைத்தேன். முதல் தரம் எதுவும் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வைத்தேன். தோல் ஐஸ் தண்ணீரில் நனைந்து குளிர்ந்து கிடந்தது. இரைச்சல் இல்லை.

“இரையுது, மெதுவா இரையுது” என்று பொய் சொன்னேன். அவள், “சரி, போங்க” என்றாள்.

அந்தக் கை அதோடு முடிந்தது. பிறகு கழுத்தில் குழாய் போட்டார்கள், அது கிருமி பிடித்துக் காய்ச்சல் வந்தது, இன்னொன்று போட்டார்கள். அதையெல்லாம் எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. அவள் அதற்குப் பிறகு ஒரு நோன்பு மாதம் கண்டாள், அடுத்ததைக் காணவில்லை. இதை எழுத உட்கார்ந்தது அந்த வியாழன் காலை ஆஸ்பத்திரியில் நடந்ததற்காகத்தான். அதை நான் என் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

மிஸ் ஸ்டெதஸ்கோப்பை அவள் கையில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்தார். முகம் மாறிவிட்டது. வீக்கத்தைப் பார்த்து, “என்ன அக்கா இது? எங்க அடிபட்டது?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். “வீட்டில குசினி வாசல்ல இடிச்சிக்கிட்டன் மிஸ்.”

மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆத்திரத்தில் கண்ணும் கலங்கிவிட்டது. “நீங்க என்ன சின்னப் பிள்ளையா? எத்தின தரம் படிச்சுப் படிச்சுச் சொன்னன்! இனி எங்க ஊசி குத்துறது? உங்கட உயிர உங்களுக்கே பாத்துக்கொள்ளத் தெரியாட்டி நாங்க என்ன செய்ய?”

“பிழைதான் மிஸ்” என்றாள் அவள். முந்தானையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மற்றக் கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். “நானா, நீங்களாவது வீட்டில சொல்லக்கூடாதா?”

சொல்வதற்கு அதுதான் நேரம். பெட்டி, கயிறு, பெல்ட் மூன்றும் வாய்வரைக்கும் வந்தன.

“நானும் சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டன் மிஸ்” என்றேன். “கேக்கிறா இல்ல.”

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, “ஓம் மிஸ், அவர் சொன்னவர்தான்” என்றாள்.